பழைய மடிக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு: ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தேன்

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததை ஒட்டி, சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு வணிக வளாகத்தில், பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடையொன்றில் 480 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். எட்டாம் தலைமுறை ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், புதிதாக மாற்றிய பேட்டரி என்று சொன்ன விற்பனையாளர், நான் கேட்டுக்கொண்டதால் அவற்றை ரசீதிலும் கைப்பட எழுதிக்கொடுத்தார். "உள்ளே எல்லாம் செக் பண்ணியாச்சு அண்ணே, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று அவர் தமிழில் சொன்னதும், எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

முழுதாகச் சார்ஜ் செய்து கொண்டுபோன கணினி முதல் வகுப்பு முடிவதற்குள் அணைந்துவிட்டதாக மூன்றாம் நாள் மகள் சொன்னாள். அன்றிரவு விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைக் கொண்டே சோதித்தோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதி பிராசசரின் பெயரை ஐ7-6600யு என்று காட்டியது. சிறுகோட்டை அடுத்து வரும் 6 தான் தலைமுறையைக் குறிக்கிறது. அதாவது, 2015இல் வெளிவரத் தொடங்கிய ஆறாம் தலைமுறை. ஐ7 என்றது பொய்யில்லை என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம்! விண்டோஸ் 11க்குத் தகுதியான பிராசசர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் ஆறாம் தலைமுறைக்கு இடமே இல்லை. ஆயினும் அந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது, தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவியிருக்கிறார்கள். விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருந்த எட்டாம் தலைமுறை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் வேறோர் அளவில் பழைய பசைத் தடம் தெரிந்தது.

டாஸ்க் மேனேஜரின் அதே பகுதியில் ரேம் 8 ஜிபி என்றும், இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று மட்டுமே பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டியது. பேட்டரிக்கு, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று தட்டி, ஓர் இடைவெளியும் சாய்கோடும் விட்டு 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து எழுதினால், விண்டோஸ் ஓர் அறிக்கையைச் சேமித்துத் தருகிறது. அதில் இருக்கும் இரண்டு எண்களை ஒப்பிட்டாலே போதும்: தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவு 50,000 மில்லிவாட்-மணி, இப்போது முழுச் சார்ஜில் நிற்பது 19,400.

இவ்வளவையும் பார்க்க எங்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே, உங்கள் கையாலேயே இவற்றைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டினால் கணினியின் மாடல் பெயரும் தெரியும். தொடவிடாத கடையில் வாங்க வேண்டாம்.

திரும்பப் போனபோது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள். ஆனால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன் லா', அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டம், பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத குறை ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். எனவே 10 வெள்ளி கட்டி, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையவழியே மனுச் செய்தேன். விற்பனையாளர் கைப்பட எழுதிய ரசீதையும் பேட்டரி அறிக்கையையும் அதனுடன் இணைத்திருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை.