வாஷிங் மெஷினைப் பின்பக்கம் மாற்றி 3 வருஷம்: வயரிங் பைப் நீட்டிய கதை

குளச்சல் பக்கம் எங்கள் வீடு. ராத்திரி அலைச் சத்தம் கேட்கும் தூரம்தான் கடல். 3 வருஷத்துக்கு முன் வாஷிங் மெஷினை பாத்ரூமிலிருந்து பின்பக்க ஒர்க் ஏரியாவுக்குக் கொண்டுபோனோம். பழைய பவர் பிளக்கிலிருந்து புது இடம் 18 அடி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதும் என்றார்கள் வீட்டில். ஆனால் வெந்நீரில் துவைத்தால் எங்கள் மெஷின் 2000 வாட் இழுக்கும், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதனால் சுவர்மேலேயே வயர் போக 25 எம்எம் பிவிசி பைப் ஓட்டி, 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தோம்.

"பைப்புக்குள்ளயே ஒட்டு போட்டு டேப்பு சுத்தினா போதும் மக்ளே" என்றார் வயரிங் அண்ணன். நான் விடவில்லை. பழைய பிளக் பாக்ஸையே ஜங்ஷன் பாக்ஸாக்கி, கனெக்டர் போட்டு, அங்கிருந்து புதுப் பாயிண்ட் வரை 2.5 சதுர எம்எம் வயர் மூன்றும் நடுவில் ஒட்டில்லாமல் இழுத்தோம். பழைய லைனும் 2.5தான், கரண்ட் அதிகமானால் லைனை வெட்டிவிடும் எம்சிபி 16 ஆம்பியர்.

முடித்ததும் அண்ணன் டெஸ்ட் லேம்பை பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவில் வைத்தார். பல்பும் எரியவில்லை, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டிவிடும் ஆர்சிசிபியும் விழவில்லை. எர்த் சேர்ந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது நடந்திருக்கும். எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பெட்டியைத் திறந்தால் அந்த லைனின் பச்சை வயர் எர்த் பட்டையில் சேராமல் மடங்கிக் கிடக்கிறது! ஈரக் கையோடு மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று அம்மா வருஷக்கணக்காகச் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. இடம் மாற்றியதில் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

முதல் வருஷம் தொல்லை தந்தது ஸ்க்ரூ. பைப்பைப் பிடிக்கிற கிளாம்புக்குச் சாதா இரும்பு ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். உப்புக்காற்றில் தலை பொரிந்து உதிர்ந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன், இன்றுவரை அசையவில்லை.

இரண்டாவது வருஷம் ஆனி மழையில் ஒரு ராத்திரி ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டால் திரும்பவும் விழும். மெஷின்தான் போச்சு என்று நினைத்து பிளக்கைக் கழற்றினேன், அப்போதும் விழுந்தது. புதுப் பாயிண்டின் மூடியைத் திறந்தால் உள்ளே அரை டம்ளர் தண்ணீர். பைப் வீட்டுக்கு வெளியே மூன்றடி போய், சுவர் ஓட்டை வழியாக ஒர்க் ஏரியாவுக்குள் வருகிறது. அந்த ஓட்டை உள்பக்கம் சரிந்திருந்தது. தென்மேற்குக் காற்று அடித்த மழை பைப்பின் முதுகிலேயே வழிந்து வந்து, மேலே வாய் வைத்திருந்த பாக்ஸுக்குள் இறங்கிவிட்டது. ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகத் திருத்திப் பூசினோம். பைப்பைக் கீழே இறக்கி வளைத்து, பாக்ஸின் அடிப்பக்கமாக நுழைத்தோம். பிறகு இரண்டு பருவமழையும் வந்துபோய்விட்டன, பாக்ஸ் காய்ந்தே இருக்கிறது.

பைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் படுகிற அந்த மூன்றடி மட்டும் மஞ்சளாகி, தட்டினால் சத்தமே மாறிவிட்டது. அடுத்த கோடைக்குள் மாற்ற வேண்டும். மாற்றும்போது பெயிண்டும் அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பாயிண்டை நெஞ்சு உயரத்தில் வைத்தது என் யோசனை. பழையது மெஷினுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஐப்பசியில் இடி முழங்கினால் அம்மா ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். முன்பு அதற்கு என்னை எழுப்புவார், இப்போது அவரே போய்ப் பிடுங்கிவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.