மார்க்கர், ஸ்டிக்கர், தெர்மல், றிப்பன், பென்சில்: எந்த லேபல் எதைத் தாங்கும்?

மட்டக்களப்பு வாவித் தண்ணீர் எடுத்த போத்தல்கள் றெஜிபோம் பெட்டியில் ஐஸோடு இரண்டு மணித்தியாலம் கிடந்தால், மேலே ஒட்டிய கடதாசி ஊறிக் கழன்றுவிடும். பெட்டியின் அடியில் ஆறு லேபல் மிதக்கும், மேலே ஆறு போத்தல் பெயரில்லாமல் நிற்கும். எது கல்லடிப் பாலத்தடித் தண்ணீர், எது முகத்துவாரத்துத் தண்ணீர் என்று சொல்ல இனி வழியில்லை. வந்தாறுமூலை, சம்மாந்துறை வளாகங்களில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவருக்கும், வீட்டில் தயிரும் கருவாடும் பொதிசெய்து கடைக்குப் போடுகிறவருக்கும் முதற்கேள்வி ஒன்றுதான்: இந்த லேபலில் எது படப்போகிறது? தண்ணீரா, எதனோலா, மீனெண்ணெயா, வெயிலா, சூளைச் சூடா? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் லேபல் ரோல் பெரும்பாலும் வீண் செலவு.

மார்க்கர் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதிகம் கைவிடுவதும் அதுதான். அழியாத மை என்று மேலே போட்டிருந்தாலும் அந்த மை அற்ககோலில் கரையும். 70% எதனோல் என்ற அற்ககோலைத் தெளித்து மேசை துடைக்கும் ஆய்வுகூடத்தில், நனைந்த கையுறையோடு மாதிரிக் குழாயைத் தொட்டாலே பெயர் கையுறைக்கு மாறிவிடும். எதனோல் நிரப்பிய பிழிபோத்தலில் மார்க்கரால் பெயர் எழுதினால், வாயிலிருந்து வழியும் துளியே அதைத் துடைத்துவிடும். பக்கத்தில் அதேபோல் நிறமில்லாத அசிற்றோன் என்ற வேறு கரைப்பான் நிற்கும் மேசையில் இது சின்ன விஷயமில்லை. பனி படிந்த பிளாஸ்ரிக்கில் மார்க்கர் முனை எழுதவே எழுதாது. அன்றைக்கே முடிந்துவிடும் வேலைக்கு மார்க்கர் போதும். கிருமி வளர்க்கும் பெற்றித் தட்டு என்றால் மூடியில் எழுதாமல் அடித்தட்டில் எழுதுங்கள், ஏனென்றால் மூடிகள் மாறும். மாஸ்கிங் டேப் சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் நிற்கும். −20 பாகையில் அதன் பசை இறுகி, ஓரம் சுருண்டு, ஒருநாள் உதிர்ந்து கிடக்கும்.

லேசர் பிறின்டரில் அடிக்கும் ஸ்டிக்கர் சீற் இரண்டாவது வழி. டோனர் என்பது சூட்டில் உருகிக் கடதாசியில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்ரிக் தூள், ஆகவே தண்ணீர் எழுத்தைக் கரைக்காது. ஆனால் எழுத்துக்குக் கீழே இருக்கும் கடதாசி ஊறும், பசை விடும். இங்க்ஜெட் சாய மை இன்னும் மோசம்: ஒரு துளி பட்டாலே நீலம் பரவும். லேசர் சீற்றை உலர்ந்த இடத்தில் நிற்கும் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தேன் போத்தலுக்குச் சரி. வெளிப்புறத்தில் வழிந்த தேனை வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு ஒட்டவேண்டும்.

உண்மையான போட்டி தெர்மலுக்கும் றிப்பனுக்கும் இடையில்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிறின்டரும் ஒரே மாதிரி, வரும் லேபலும் ஒரே மாதிரி. நேரடித் தெர்மலில் மை கிடையாது. கடதாசியிலேயே பூசியிருக்கும் இரசாயனம் பிறின்டர் தலையின் சூட்டில் கறுக்கிறது. சுப்பர் மார்க்கெட் பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள்: உராய்வுச் சூட்டுக்கே கறுப்புக் கோடு விழும். சூடு பட்டால் கறுக்கும் கடதாசி பிறின்டரை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தக் குணத்தை விடுவதில்லை. கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய வானுக்குள் வெயிலில் விட்டால் வெள்ளைப் பகுதி சாம்பல் பூக்கும். வெளிச்சமும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கும். எதனோல் பட்டால் கறுத்தோ கலைந்தோ போகும். வயல் மண்ணின் ஈரப்பதம் பார்க்க 105 பாகை சூளையில் வைத்தாலும், நீராவியால் கிருமி நீக்கும் 121 பாகை ஓட்டோக்கிளேவில் வைத்தாலும் லேபல் முழுக்கக் கறுத்துவிடும். மண் ஈரப்பதத்துக்கு லேபலே வேண்டாம்: அலுமினியத் தகரத்தில் ஆணியால் கீறிய எண்ணை எந்தச் சூளையும் அழிக்காது.

றிப்பன் முறையில் மெல்லிய பட்டியில் இருக்கும் மை உருகி லேபலுக்கு மாறுகிறது. மெழுகு, மெழுகும் ரெசின் என்ற பிசினும் கலந்தது, முழு ரெசின் என்று மூன்று வகை உண்டு. மெழுகு மலிவு, கடதாசி லேபலுக்குப் பொருந்தும், ஆனால் விரலால் தேய்த்தால் கலையும். ரெசின் எதனோலையும் உராய்வையும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். அதற்குப் பொலிப்புறொப்பிலீன் அல்லது பொலியெஸ்ரர் லேபல் வேண்டும், தலைச் சூட்டைக் கூட்டி வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். சாதாரண கடதாசியில் ரெசினை ஓட்டினால் எழுத்து அரைகுறையாகத்தான் விழும், பிழையைப் பிறின்டர் மேல் போடுவார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டுவது இன்னொரு இடத்தில்: மை உட்பக்கமா வெளிப்பக்கமா என்பது பிறின்டருக்குப் பிறின்டர் மாறும். மாற்றிப் போட்டால் லேபல் வெள்ளையாக வரும். ஒரு துண்டு ஸ்டிக்கரை றிப்பனில் ஒட்டி உரித்தால், எந்தப் பக்கம் மை கழன்று வருகிறதோ அதுதான் மைப் பக்கம். றிப்பன் லேபலைவிடச் சில மில்லிமீற்றர் அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் லேபலின் ஓரம் பிறின்டர் தலையைத் தேய்க்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாவித்த றிப்பனை விரித்துப் பிடித்தால் அச்சிட்டது எல்லாம் வாசிக்கலாம். நோயாளர் பெயர் அடிக்கும் இடங்களில் அதை வெட்டி அழிக்காமல் குப்பையில் போடக்கூடாது.

குளிரில் வைக்கும் குழாய்க்கு என் தெரிவு ரெசின் றிப்பன், பொலிப்புறொப்பிலீன் லேபல், உறைகுளிருக்கென்று செய்த பசை. அறை வெப்பநிலையில், உலர்ந்த குழாயில், உறையவைக்கும் முன்பே ஒட்டவேண்டும். லேபல் குழாயை முழுதாகச் சுற்றி வந்து தன்மேலேயே சிறிது ஏறி ஒட்டினால், குழாயில் பிடி தளர்ந்தாலும் வளையம்போல் நிற்கும்.

மீன் மாதிரிகளுக்கு மட்டும் இந்த இயந்திரங்கள் எதுவும் வேண்டாம். போமலினிலோ எதனோலிலோ ஆண்டுக்கணக்கில் கிடக்கப்போகும் மீனுக்குத் தடித்த, நாரில் உறுதியான கடதாசியில் பென்சிலால் எழுதி, கடதாசியைப் போத்தலுக்கு உள்ளே மீனோடு போடவேண்டும். பென்சில் கரி தண்ணீரிலும் கரையாது, அற்ககோலிலும் கரையாது. லேசரில் அடித்துப் போட்டால் சில காலத்தில் எழுத்துகள் கடதாசியை விட்டுக் கழன்று போத்தலின் அடியில் கறுப்புத் துணுக்குகளாகக் கிடக்கும். வெளியே ஒரு லேபல் ஒட்டலாம், தேடி எடுக்க வசதி. ஆதாரம் உள்ளே இருப்பதுதான்.

லேபல் நின்றாலும் அதில் எழுதிய குறியீடு குழப்பினால் பயனில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில முதல் மூன்று எழுத்தை எடுப்பது வழக்கம். இந்தக் கிழக்குக் கரையில் கல்லடி, கல்லாறு, கல்முனை மூன்றும் ஒன்றாகிவிடும். இடத்துக்கு எண் கொடுத்து, எண்ணுக்குரிய ஊரைக் களக்குறிப்பேட்டில் எழுதுங்கள். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் போடுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாருக்கும் தெரியாது. மாதப் பெயர்போல் தோன்றும் குறியீட்டை எக்செல் தானாகவே திகதியாக மாற்றிவிடும். இதே தொல்லையால்தான் 2020 இல் மனித மரபணுப் பெயரிடும் குழு ‘மார்ச்1’, ‘செப்ற்1’ போன்ற பெயர்களையே மாற்றியது.

இனி கடைக்குப் போகும் பொருள். இங்கே லேபல் தாங்கினால் மட்டும் போதாது, சட்டம் கேட்பதையும் சொல்லவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வந்த சுட்டுத்துண்டு (லேபல்) ஒழுங்குவிதிகளைத்தான் பீ.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கிறார். பொருளின் பெயர், எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற ஒழுங்கில் சேர்மானங்கள், தேறிய நிறை, செய்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, வைக்கும் முறை எல்லாம் இருக்கவேண்டும். தொகுதி இலக்கத்தைப் பலர் பெயருக்குப் போடுகிறார்கள். பால் காய்ச்சிய பாத்திரம் ஒன்றுக்கு ஓர் இலக்கம் என்று வையுங்கள். ஒரு சட்டி கெட்டது என்று கடைக்காரர் சொன்னால், எந்தச் சட்டிகளைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது உடனே தெரியும். விளாம்பழச் சாறு போன்ற இனிப்புப் பானம் என்றால் 2016 இலிருந்து சீனிக்கு நிறக்குறியும் வேண்டும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 க்குக் கீழ் பச்சை.

இந்த நிறங்களைக் கறுப்பு றிப்பன் தராது. ஆகவே சிறு உற்பத்தியாளருக்குக் கலப்பு வழிதான் சரியென்று படுகிறது: மாறாத விபரங்களையும் நிறத்தையும் அச்சகத்தில் நீர் புகாத ஸ்டிக்கரில் ஒரேயடியாக அடித்து, திகதிக்கும் தொகுதி இலக்கத்துக்கும் வெற்றுக் கட்டம் விட்டு, அதை றிப்பன் பிறின்டரால் நிரப்புவது. பிறின்டர் வாங்க முடியாதவர் பிளாஸ்ரிக்குக்கென்றே வரும் அற்ககோல் மையோடு றபர் முத்திரை வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்து முத்திரை மை பளபளப்பான ஸ்டிக்கரில் காயாமல் இழுபடும்.

மண்சட்டித் தயிர் தனிச் சிக்கல். சட்டி வியர்க்கும், அந்தச் சொரசொரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. அதனால் லேபல் வாய் மூடிய தாளுக்குப் போகிறது. தாளைக் கழற்றினால் திகதியும் போய்விடும். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கொடெக்ஸின் 1985 ஆம் ஆண்டுப் பொதுத் தரமோ லேபல் கொள்கலனை விட்டுப் பிரியக்கூடாது என்கிறது. மூடுதாளைச் சட்டிக் கழுத்தோடு இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேலேயே லேபல் ஏறும்படி ஒட்டினால், கிழிக்காமல் திறக்க முடியாது. சில நாளில் தீர்ந்துபோகும் தயிருக்கு நேரடித் தெர்மல்கூடப் போதும். கருவாட்டுக்கு அது ஆகாது, மீனெண்ணெய் சில வாரத்தில் எழுத்தைத் தின்றுவிடும். பை சுத்தமாகவும் வெறுமையாகவும் இருக்கும்போதே ஒட்டி, பிறகு கருவாட்டை நிரப்புங்கள்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பிறின்டர்கள் பலவற்றின் உள் எழுத்துருவில் தமிழ் இல்லை, இருந்தாலும் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து விழும். லேபலைக் கணினியில் படமாக்கி அனுப்பவேண்டும். அங்குலத்துக்கு 203 புள்ளி அடர்த்தி உள்ள தலையில் ஒரு மில்லிமீற்றருக்கு 8 புள்ளிதான். ஒன்றரை மில்லிமீற்றர் எழுத்துக்கு 12 புள்ளி கிடைக்கும். அதில் மெய்யெழுத்தின் குற்று மேற்கோட்டோடு ஒட்டிக்கொண்டு ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். சின்ன லேபலுக்கு 300 அடர்த்தி உள்ளதையே வாங்குங்கள்.

ரோல் வாங்குமுன் கடையில் ஐந்து மாதிரி லேபல் கேட்டு, உங்கள் பொருள் வைக்கும் போத்தலிலோ பையிலோ ஒட்டுங்கள். ஒன்றை ஐஸ் தண்ணீரில் ஓர் இரவு, ஒன்றை உறைபெட்டியில் ஒரு வாரம், ஒன்றை வெயில் படும் யன்னலில் ஒரு வாரம் வையுங்கள். ஒன்றை எதனோல் நனைத்த பஞ்சால் பத்துத் தரம் தேய்த்து, மற்றதில் எண்ணெய் தடவி விடுங்கள். வாசிக்க முடிகிறதா, ஓரம் தூக்குகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.