ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள்: ரோமிங், அங்கத்தைய சிம், ஈசிம்

சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் நடையோரக் கதிரையில் இருந்துகொண்டு, அம்மாவின் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் என் போனின் சிம் தட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். 2023ஆம் ஆண்டு. அம்மாவின் கண்ணைப் பார்த்த டொக்டர் இன்னும் நாலு நாள் நிற்கச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்ற வேண்டும். அந்த விமானம் சின்னது, எழுபது பேரளவில்தான் ஏறலாம். இணையத்தில் இரண்டே இரண்டு சீட் காட்டியது. கார்ட் விபரத்தைக் கொடுத்தேன். 'உங்கள் தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைப் பதியவும்' என்றது. அது யாழ்ப்பாணத்து எண்ணுக்குப் போயிருக்கும். அந்த எண்ணின் சிம்மோ கடவுச்சீட்டு உறைக்குள் டேப் போட்டு ஒட்டியபடி கிடந்தது.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு சிம் மட்டும் போடக்கூடிய போன். இந்திய சிம்மைக் கழற்றி, ஊர் சிம்மைப் போட்டு, போன் எழும்பி வர அந்த இலக்கத்துக்கான, அதாவது ஓடிபிக்கான, நேரம் முடிந்துவிட்டது. சரி, இன்னொரு தரம் எடுக்கலாம் என்றால் சிக்னலே வரவில்லை. ஊர் சிம்மை வெளிநாட்டிலும் வேலை செய்ய வைக்கிற ரோமிங்கைப் புறப்பட முதல் போட்டுவிடவில்லை. போட்டுவிடச் சொல்லலாம் என்றால் சிம் பதியப்பட்டிருந்தது அப்பாவின் பெயரில். அடுத்த நாள் காலை அவர் அடையாள அட்டையும் கையுமாகப் போய் நின்று அலுவலை முடித்தபோது அந்த இரண்டு சீட்டும் போய்விட்டன. நாலு நாள் ஆறு நாளானது.

அந்த ஆறு நாளும் நான் படித்த பாடம்தான் இந்த ஒப்பீடு. அதற்குப் பிறகு ஒரு கலியாணத்துக்காக பாரிசுக்கும் சூரிச்சுக்கும் ஐந்து கிழமை போய் வந்தேன். அதில் ஏறக்குறைய எல்லா வழியையும் கைவைத்துப் பார்த்தாயிற்று. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு சிம் போடக்கூடிய, எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படாத ஓபன் போன் ஒன்று. ஒரு பக்கம் ஊர் சிம், மறுபக்கம் போகிற நாட்டு சிம். மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் இதற்குப் பிறகுதான்.

முதலில் போனைப் பற்றி. இங்கே கடையில் புதிதாக வாங்கும் போன்கள் பொதுவாக ஓபன்தான். சிக்கல் வருவது 'வெளிநாட்டுப் போன்' என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுகிற சாமானில். கனடாவில் இருந்து சின்ன மாமா அனுப்பிய போன் ஒன்று 2015இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. எந்த சிம்மைப் போட்டாலும் பூட்டைத் திறக்கும் இலக்கத்தைக் கேட்டது. ஒரு கடையில் காசு கொடுத்துத் திறப்பித்தோம். இரண்டு மாதத்தில் ஏதோ அப்டேட் வந்து திரும்பப் பூட்டிக்கொண்டது. கடைசியில் அது வீட்டில் அலாரமாகத்தான் இருந்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும், பழையவற்றையும் கேட்டால் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 2021 டிசம்பரில் இருந்து பூட்டிய போன் விற்பதற்குத் தடை. அமெரிக்காவில் அப்படி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு, தவணை முறையில் எடுத்த போன் என்றால் பல நிறுவனங்களில் காசு கட்டி முடியும் வரை பூட்டு இருக்கும். ஆகவே சொந்தக்காரர் போன் தருகிறோம் என்றால் 'ஓபன் போனா?' என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஐபோன் என்றால் அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து, 'கேரியர் லொக்' என்ற வரிக்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்சன்ஸ்' என்று இருக்கிறதா பார்க்கலாம். ஆண்ட்ராய்ட் என்றால் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே போதும்.

அமெரிக்க ஐபோனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 2022இல் வந்த ஐபோன் 14 தொடக்கம் அங்கே விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற ஈசிம் மட்டும்தான். ஊர் சிம்மை ஈசிம்மாக மாற்றிக்கொள்ளாமல் அதைக் கையில் எடுத்துப் பயனில்லை. கொண்டுவந்த போனையோ பழைய போனையோ இங்கே வாங்குவதென்றால் *#06# அடித்து வருகிற 15 இலக்க ஐஎம்இஐயை, அதாவது போனின் அடையாள எண்ணை, IMEI என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ரோமிங் மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கலாமா? இரண்டு மூன்று நாள் அலுவலாகப் போகிறவருக்குச் சமாளிக்கலாம். நிறுவனங்கள் நாள் கணக்கில் பொதி வைத்திருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொண்டால் இறங்கியதும் வேலை செய்யும். ஐந்து கிழமைக்கு அது கட்டாது. பொதி இல்லாமல் டேட்டாவைத் திறந்துவிட்டால் காசு எப்படிக் கரையும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கத்தைய சிம் எடுப்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவில் கடவுச்சீட்டு, விசாப் பிரதி, படம் எல்லாம் கேட்டார்கள். அதோடு அங்குள்ள ஒருவருடைய தொலைபேசி எண்ணும் வேண்டும் என்றார்கள். வடபழனியில் இருக்கிற சித்தியின் எண்ணைக் கொடுத்தோம். சித்தி அந்த நேரம் கோயிலில். போனை எடுக்கிற வரைக்கும் கடைக்காரத் தம்பியும் நானும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். சிம் வேலை செய்யத் தொடங்கியது அடுத்த நாள் மத்தியானம். எனவே இறங்கியவுடன் இந்திய சிம் கையில் இருக்கும் என்று நம்பி எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள். ஜியோ எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பழைய போனில் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகாவிட்டால் டேட்டா ஓடும், கதைக்க முடியாது.

பாரிசில் கதையே வேறு. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கினால் மரக்கறிக் கடையிலும் சிம் வாங்கலாம். கடவுச்சீட்டைப் படம் எடுத்தார்கள், பத்து நிமிசத்தில் வேலை முடிந்தது. விற்கிற சிம்களும் எங்கள் ஆட்கள் தொடங்கியவைதான். 2001இல் தொடங்கிய லெபராவும் 2006இல் தொடங்கிய லைக்காவும் ஈழத்தமிழர் உருவாக்கியவை. புலம்பெயர்ந்தவன் ஊருக்குக் கதைக்கிற ஆசையில் இருந்து பிறந்த வியாபாரம். நான் எடுத்தது அப்படி ஒன்றுதான், ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது சூரிச் ரயிலில். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற நாட்டில் பாவித்தால் மேலதிக ரோமிங் கட்டணம் இல்லை. அதைக் கேள்விப்பட்டிருந்தேன். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. சுவிஸ் எல்லையில் இருக்கிற பாசல் தாண்டியதும் போன் ஊமையாகிவிட்டது. எந்த ஸ்டேசனில் இறங்குகிறேன் என்று மச்சானுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அது. பாரிஸ், லண்டன், சூரிச் என்று எங்கள் சொந்தம் சிதறிக் கிடக்கிற படியால் இது பலருக்கும் வரக்கூடிய பிரச்சினை. பிரெக்சிட்டுக்குப் பிறகு லண்டனும் அந்த விதிக்கு வெளியேதான். ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போகிறவர்களுக்குக் கவலை இல்லை.

சரி, இப்போது நான் தலையால் நின்று சொல்ல விரும்புகிற விசயம். டேட்டா எவ்வளவு மலிவு, நிமிசத்துக்கு என்ன விலை என்றெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் வெளியே நிற்கும்போது ஊர் எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் உங்கள் கைக்கு வருகிறதா? வங்கி, கார்ட், வட்ஸ்அப்பைப் புதுப் போனில் திறப்பது எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. பத்து வருசத்துக்கு முதல் சிம்மைக் கழற்றிப் பேர்ஸில் வைத்துக்கொண்டு போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இப்போது சிம்மைக் கழற்றினால் சொந்தக் காசைத் தொட முடியாது.

ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பொதுவாகக் காசு வெட்டுவதில்லை. அழைப்பு வந்து எடுத்தால்தான் வெட்டும். ஆகவே ஊர் சிம்மை ரோமிங் போட்டபடி, டேட்டாவை மூடியபடி, சும்மா படுக்க விட்டால் போதும். அதற்குப் புறப்பட முதல் செய்ய வேண்டியவை சில. ரோமிங்கை ஊரில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். முன்கட்டண சிம் என்றால் ரீலோட் போட்டு, நீங்கள் திரும்பி வரும் திகதிக்கு அப்பாலும் அது உயிரோடு இருக்கும்படி பாருங்கள். சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீடுகளில் பாதி சிம் அப்பாவின் பெயரில், மீதி அண்ணனின் பெயரில். சில வங்கிகள் ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்புகின்றன, சில செயலிக்குள்ளேயே தருகின்றன. உங்கள் வங்கி எப்படி என்று போய்க் கேட்டுவிடுங்கள்.

போய் இறங்கியதும் போனின் அமைப்பில் டேட்டாவுக்கு அங்கத்தைய சிம்மைத் தெரிவு செய்து, ஊர் சிம்மின் டேட்டா ரோமிங்கை மூட வேண்டும். இதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சிம்மில் சிக்னல் போனால் மற்றதுக்குத் தானாக டேட்டாவை மாற்றுகிற வசதி ஒன்று ஐபோனிலும் பல ஆண்ட்ராய்ட் போன்களிலும் இருக்கிறது. பெயர் போனுக்குப் போன் வேறு. அதையும் மூடுங்கள். வட்ஸ்அப் 'எண்ணை மாற்றட்டா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே ஓடட்டும், ஊரில் ஒருவருக்கும் புது எண் கொடுக்கத் தேவையில்லை.

பாரிசில் முதல் நாள் விடியப்புறம் நாலு மணிக்கு ஊர் சிம் அடித்தது. நித்திரைத் தூக்கத்தில் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி. "எங்க நிக்கிறாய் பிள்ளை, உங்கட மோட்டர் ஓடிக்கொண்டிருக்கு, தண்ணி வழியுது." மாமிக்கு நன்றி சொல்லி, அப்பாவை எழுப்பச் சொல்லி வைப்பதற்குள் போட்டிருந்த ரீலோட்டில் நல்ல பங்கு போய்விட்டது. பிறகு வீட்டுக்காரர், அயலட்டை எல்லாருக்கும் வட்ஸ்அப்பில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

ஊர் சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுக் கையோடு கொண்டு போகலாம், எதற்கு இரண்டு சிம் போன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த யோசனையை நான் ஒரு காலத்தில் ஆதரித்தவன். அம்மாவின் பட்டன் போன் சென்னையில் நன்றாகவே பிடித்தது. சூரிச்சில் செத்த போன். பழைய பட்டன் போன்களில் பல 2ஜி மட்டுமே தெரிந்தவை. சுவிஸ் நிறுவனங்கள் 2ஜியை மூடிவிட்டன, சிங்கப்பூரில் 2017இலேயே மூடியாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2024இல் 3ஜியும் போய்விட்டது. போகப்போக இந்த வழி அடைபட்டுக்கொண்டே வரும்.

ஈசிம்மைப் பற்றி நான் அதிகம் அளக்கக் கூடாது. பாவித்தது ஒரே தரம், அதுவும் சூரிச்சில் ஐந்தே நாள். மச்சான் வீட்டு வைபையில் வாங்கி, கியூஆர் படத்தைக் காட்டி, கால் மணித்தியாலத்துக்குள் டேட்டா வந்துவிட்டது. கடை தேடி அலையவில்லை, கடவுச்சீட்டு நீட்டவில்லை. ஊர் சிம்மைத் தொடவும் தேவைப்படவில்லை, அதுதான் பெரிய விசயம். என் போனில் பிரெஞ்சு சிம்மும் உள்ளேயே இருந்தது, ஒரே நேரத்தில் இரண்டுதான் வேலை செய்யும் என்பதால் அதை அணைத்து வைத்தேன். பயணிகளுக்கென்று விற்கிற ஈசிம்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், தொலைபேசி எண் கிடையாது. அங்கே ஏதாவது பதிவதற்கு உள்ளூர் எண் கேட்டால் மச்சானின் எண்ணைத்தான் கொடுத்தேன். சொந்தக்காரர் இல்லாத ஊரில் அது எவ்வளவு இடைஞ்சலாக இருக்கும் என்று அனுபவித்துப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் திரும்புகிறவருக்கும், நாலு நாடு சுற்றுகிறவருக்கும் இதைத் தயங்காமல் சொல்லுவேன். ஒரே நாட்டில் மாதக்கணக்கில் நிற்பவருக்கு அங்கத்தைய சிம்தான் மலிவு, எண்ணும் கிடைக்கும். இதற்கும் ஓபன் போன் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பூட்டிய போன் ஈசிம்மையும் ஏற்காது.

மாசியில் அம்மாவின் மற்றக் கண்ணுக்காகத் திரும்பச் சென்னை. அப்பாவின் பெயரில் இருந்த சிம்மை என் பெயருக்கு மாற்றியாயிற்று, ரோமிங்கும் போட்டாயிற்று. சித்திக்குத் திகதி சொல்லி, அன்றைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போகாமல் போனைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சிம் தட்டைத் திறக்கிற ஊசி சாவிக்கொத்தில் தொங்குகிறது. அன்றைக்கு வளைந்துபோன ஊக்கை அம்மா இன்னும் வைத்திருக்கிறா, அவ்வப்போது எடுத்துக் காட்டுகிறா.