மூன்று வருடம், ஒரு குரு, கணக்கில்லாத வாய்ஸ் மெசேஜ்

போன வாரம் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் ஓடி வந்து கேட்டார்: "அண்ணே, உங்க சார் ஃபீஸை 5,900 வெள்ளிக்கு இறக்கிட்டாராம், சேரலாமா?" வாடகைக்கு விடும் கட்டடம் வாங்கக் கற்றுக்கொடுக்கிறவர் சார்; 2022இல் நான் அவருக்குக் கட்டியது 12,000 வெள்ளி (ரிங்கிட்). மனைவியின் சீட்டுப் பணமும் அதில் அடக்கம். அதனால் இதைப் படிக்கிறவர்கள் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சாரைக் கண்டுபிடித்த கதை நீளம். அதற்கு முன் கோலாலம்பூர் ஹோட்டல்களில் இரண்டு இலவசக் கூட்டங்களுக்குப் போய் பாதியிலேயே எழுந்து வந்தேன். முன்பணமே போடாமல் வாங்கலாம், விலையை ஏற்றிக் காட்டி வங்கியில் கூடுதலாக எடுக்கலாம் என்று ஒருவர் மேடையில் குதித்தார். வீடு விற்கிற ஏஜெண்டுக்காவது 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு வேண்டும், கழுத்தில் எண் போட்ட அட்டை தொங்கும். கற்றுக்கொடுக்கிறேன் என்பவருக்கு மைக் இருந்தால் போதும். சாரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: உங்கள் சொந்தக் கட்டடத்தைக் காட்டுங்கள். மறுநாளே பிறை என்ற ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, அதற்கு அந்த வருடம் செலவான ரசீதையும் கையில் கொடுத்தார். அன்றே பணம் கட்டிவிட்டேன்.

அமெரிக்கப் பாட்காஸ்ட் கேட்ட மயக்கத்தில் போனவன் நான். அங்கே ஒரு கட்டடத்தில் ஐந்து வீடோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிகக் கடன் கணக்கு; வாடகையில் செலவு போக மிஞ்சுவதை வைத்துத்தான் பெரும்பாலும் விலை பேசுவார்கள். 20 வீட்டுக்கு மாதம் 50 டாலர் ஏற்றினால் வருடத்துக்கு 12,000 டாலர், கேப் ரேட், அதாவது வருட மிச்சம் விலையில் எத்தனை விழுக்காடு என்பது, 6 என்றால் கட்டடத்தின் மதிப்பே 2 லட்சம் டாலர் ஏறிவிடும். இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே இல்லை. சார் முதல் வகுப்பிலேயே அதில் தண்ணீர் ஊற்றினார். "இங்க அடுக்குமாடின்னா 1985 ஸ்ட்ராட்டா சட்டப்படி வீட்டுக்கு வீடு தனி கிராண்ட், அதாவது தனிப் பட்டா. 200 வீடுன்னா 200 முதலாளி. யார்கிட்ட போய் முழுசா வாங்குவீங்க? ஒரே கிராண்டில் இருக்கிற கடைவீடா பாருங்க, மேல அறை அறையா விடலாம்." காசு வாங்கிய கையோடு ஆசையைக் குறைத்த ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

சரி, இனி என் குறை. சாருக்கு எழுத வராது. எதைக் கேட்டாலும் வாய்ஸ் மெசேஜ்தான், அதுவும் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. கட்டடத்தை வாங்கி நான்காவது வருடத்தில் விற்றால் லாப வரி எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். பதில் ஒரே எண்: 20 விழுக்காடு. முதல் மூன்று வருடத்துக்குள் என்றால் 30, ஐந்தாவதில் 15, ஆறாவதிலிருந்து நம் போன்ற குடிமக்களுக்கு ஒன்றும் இல்லை. இதை எழுத ஒரு வரி போதும், இப்போது நானே எழுதிவிட்டேன். அவர் அனுப்பியது 11 நிமிடம். பாலிக் பூலாவ் டுரியான், மச்சினர் கார் வாங்கிய கதை, நடுவில் காப்பிக் கடையில் தே ஓ கோசோங் ஆர்டர் செய்வது, எல்லாம் வந்த பிறகு ஒன்பதாவது நிமிடத்தில் வரி. வேகத்தை இரட்டிப்பாக்கிக் கேட்கலாம், ஆனால் சாரே வேகமாகப் பேசுகிறவர், அப்படிக் கேட்டால் ஏலம் விடுகிற மாதிரி இருக்கும். மூன்று வருடத்தில் எத்தனை தடவை "சார், டைப் பண்ணுங்க" என்று கெஞ்சியிருப்பேன்! அதற்கும் ஆறு நிமிட வாய்ஸ் வந்தது.

நியாயமாகப் பேசினால் இதையும் சொல்ல வேண்டும். 2023இல் சுங்கை நிபோங் பக்கம் 12 அறைக் கட்டடம் ஒன்று வந்தது, விலை 11 லட்சம் வெள்ளி. அறைக்கு நான்கு தொழிற்சாலை ஆட்கள், தலைக்கு 150, மாதம் 7,200 என்று ஏஜெண்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 70 விழுக்காடு கடன், 20 வருடம் என்றால் மாதத் தவணை 5,000க்குப் பக்கம். மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது. சாருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன், 14 நிமிட மெசேஜ் வந்தது, முதல் மூன்று நிமிடம் அவர் முட்டி வலியைப் பற்றி. அணைத்துவிட்டேன். மறுநாள் 3 விழுக்காடு முன்பணம், 33,000 வெள்ளி கட்டுவதாக இருந்தது.

அன்று மாலை பட்டர்வொர்த்துக்குத் திரும்பும்போது பினாங்குப் பாலத்தில் விபத்து, கார் நகரவில்லை, வேறு வழியில்லாமல் மீதியைக் கேட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் சார் சொல்கிறார்: தொழிலாளர் தங்குமிடத்துக்கு 446ஆம் சட்டம் இருக்கு, அவங்களுக்கு வேலை கொடுக்கிற முதலாளி லேபர் ஆபீஸில் சான்றிதழ் எடுக்கணும், சாதாரண வீடுன்னா படுக்கிற அறையில் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் வேணும், நீங்க அறையை அளந்தீங்களா? அளக்கவில்லை. மறுநாள் காலையில் டேப்போடு போனேன். ஒன்பதுக்குப் பதினொன்று அடி, 9.2 சதுர மீட்டர். அறைக்கு இரண்டு பேர்தான். 48 ஆள் 24 ஆனது, 7,200 என்பது 3,600 ஆனது, தவணைக்கே மாதம் 1,400 கையிலிருந்து போட வேண்டும். கழிவறை எத்தனை வேண்டும் என்ற கணக்கை நான் பார்க்கவே இல்லை, அதற்குள் ஏஜெண்டுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன்.

ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். எழுதியிருந்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பாய் என்கிறாள் மனைவி. அவள் எப்போதும் சார் பக்கம்.

இன்று அண்ணனோடு சேர்ந்து வாங்கிய ஒரு கடைவீடு இருக்கிறது. கீழே தையல்காரர், மேலே ஐந்து அறை, தவணை போக மாதம் சில நூறு வெள்ளி நிற்கிறது, தொட்டி ஒழுகும் மாதத்தில் அதுவும் இல்லை. சார் இதுவரை என்னிடம் கூட்டுப் பணம் கேட்டதில்லை, கமிஷன் கேட்டதில்லை. நான் மாட்டியிருக்க வேண்டிய ஒரு பெரிய குழியிலிருந்து 33,000 வெள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். கட்டிய காசு இரண்டு மடங்குக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

தம்பியிடம் சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 5,900ஆம்! பழைய ஆட்களுக்குத் திருப்பித் தருவாரா என்று நேற்று சாரிடமே கேட்டேன். பதில் வந்திருக்கிறது, 13 நிமிடம். இன்னும் திறக்கவில்லை. நாளைக்குப் பாலத்தில் ஜாம் இருக்கும், பார்க்கலாம்.