கோவளம் சர்ஃபிங் வகுப்பு: நீச்சல் தெரியாதவர்களும் போகலாம்

சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கக் கற்கப் போகிறீர்கள் என்றால், காலை ஆறு மணி வகுப்பையே கேட்டு வாங்குங்கள். ஆனி, ஆடியில் இங்கே விடியும் நேரத்துக்கு மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும்; அலை கலையாமல் வரிசையாக வரும். வெயில் ஏறியதும் கடல்காற்று தொடங்கிவிடும், தண்ணீர் குழம்பிப்போகும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது ஆகாது.

நான் செங்கல்பட்டுப் பக்கம் உடற்கல்வி ஆசிரியை. பத்தாம் வகுப்பு என்றாலே என் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் விளையாட்டையே தொழிலாக நடத்துகிறவர்களைப் பார்க்கும் ஆசையில்தான், மீனவ இளைஞர்களின் சின்னப் பள்ளி ஒன்றில் மகளோடு சேர்ந்தேன்.

பயிற்சியாளர் தம்பி முதலில் கேட்டது, "அக்கா, கடலில் எதுவரை இறங்கியிருக்கீங்க?" முழங்கால் வரை என்றேன். நம்மில் பெரும்பாலோருக்குக் கடல் அவ்வளவுதான். அதை அவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மணலில் பலகையின் வடிவம் வரைந்து, படுத்துத் துழாவவும், நெஞ்சுக்குப் பக்கத்தில் கையூன்றி ஒரே மூச்சில் எழவும் பழக்கினார்கள். அதைவிட அதிக நேரம் விழக் கற்றுக்கொடுத்தார்கள். ஆழம் குறைவு, அதனால் தலைகுப்புறப் பாயக் கூடாது, உடம்பைப் பரப்பி விழ வேண்டும். பலகை கணுக்காலில் கயிற்றோடு கட்டியிருப்பதால் திரும்பி வந்து அடிக்கலாம். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். என் பள்ளி மைதானத்தில்கூட விழுவதை இவ்வளவு பொறுமையாக யாரும் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் இடுப்பளவுத் தண்ணீர். தம்பி பலகையைப் பிடித்துக்கொண்டு, "இது வேணாம், அடுத்ததும் வேணாம்" என்று அலைகளை விட்டுவிட்டு, ஒன்றைத் தேர்ந்து தள்ளினார். மகள் எழுந்து நின்றாள்! கடலைப் படிக்கும் அந்தக் கண் படகில் வளர்ந்ததால் வந்தது. இந்தத் தொழிலின் உண்மையான மூலதனம் அதுதான். பலகையை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம்.

இதற்கு வழி போட்டவர் இதே ஊர் மீனவர் மூர்த்தி மேகவன். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் இங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கினார். 2013இல் சர்ஃபிங் விழாவும் நடந்தது. 2025இல் ஆசிய சர்ஃபிங் போட்டியே பக்கத்தில் மாமல்லபுரத்தில் நடந்து, இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆடுகிறவர்களே இல்லாத இடத்தில் முதலில் ஆளை உருவாக்கி, பிறகு அதையே பிழைப்பாக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. நான் சேர்ந்த பள்ளியில் கையெழுத்து வாங்கும் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பெண் பயிற்சியாளர் இல்லை. உடை மாற்றும் இடம் தார்ப்பாய் மறைப்புதான். என் மாணவிகளின் அம்மாக்கள் இந்த மூன்றையும் பார்த்தால் அனுப்ப மாட்டார்கள். வார நாட்களில் பலகைகள் சும்மா கிடக்கின்றன. அந்த நாட்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைத்தால், நாளைய வாடிக்கையாளரும் பயிற்சியாளரும் அங்கிருந்தே வருவார்கள். நடத்துகிறவரிடம் சொன்னேன். படிவத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார், கொடுத்துவிட்டேன்.

போகும்போது உடம்போடு ஒட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பலகை உரசி வயிறு எரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் முரடாக இருக்கும். முதல் வகுப்பை அப்போது வைத்துக்கொள்ள வேண்டாம்.