நீலத் தாமரை என்று விற்கப்பட்ட அல்லி: அலங்காரச் செடி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இணையம் வழியாக அலங்காரச் செடிகள் விற்கும் ஒருவரிடம் நான்கு செடிகளை ஒரே தவணையில் வாங்கினேன். அவற்றில் ஒன்றுகூட அவர் சொன்ன செடியாக வளரவில்லை. செடி வாடிப் போனதாலோ வழியில் அடிபட்டதாலோ நான் இதை எழுதவில்லை. நான்கும் நலமாகவே வந்து சேர்ந்தன, நன்றாகவே தழைத்தன. ஏமாற்று முழுவதும் பெயரில் இருந்தது. அதனால்தான் அதைக் கண்டுகொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

முதலாவது, 'நீலத் தாமரை'. விற்பனைப் பக்கத்தில் ஆழ்ந்த நீல இதழ்களுடன், நடுவில் மஞ்சள் பொகுட்டு (விதை தாங்கும் கூம்பு) எழுந்து நிற்கும் மலரின் படம் போட்டிருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தபோது ஈரப் பாசிக்குள் பாக்கு அளவில், கறுத்துச் சொரசொரப்பாக ஒரு கிழங்கு இருந்தது. தாமரையின் மட்டநிலத்தண்டு கணுக்கணுவாக நீண்டு, நுனியில் கூரிய முளையுடன் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், புது வகை போலும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு தொட்டியில் நட்டேன். ஏமாறுகிறவன் பாதி வேலையைத் தானே செய்து கொடுத்துவிடுகிறான்.

இலைகள் வந்தன, நீரின் மேல் மிதந்தன. இளம் தாமரையின் முதல் இலைகளும் மிதக்கத்தான் செய்யும் என்பதால் நான் காத்திருந்தேன். ஐந்தாம் இலைக்குப் பிறகும் எதுவும் நீரை விட்டு மேலெழாதபோதுதான் ஓர் இலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். அதன் விளிம்பிலிருந்து காம்பு சேரும் இடம் வரை, கத்தரியால் வெட்டியதுபோல் ஒரு பிளவு இருந்தது. தாமரை இலை, மிதக்கும் பருவத்திலும் சரி, நிமிர்ந்து நிற்கும் பருவத்திலும் சரி, பிளவில்லாத முழு வட்டமாகவே இருக்கும். காம்பு அடிப்பக்கத்தின் நடுவில் வந்து சேரும். பிளவு கண்ட இலை அல்லியின் இலை. பிறகு, நாம் அன்றாடம் வாயால் சொல்லும் 'தாமரை இலைத் தண்ணீர்' என்ற சொற்றொடரையே சோதனையாக வைத்து, ஒரு கை நீரை அள்ளி இலைமேல் தெளித்தேன். அது முத்து முத்தாக உருண்டு ஓடவில்லை. பரவி அப்பிக்கொண்டு நின்றது.

பூத்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. வெளிறிய நீல நிறத்தில் அழகான பூதான், ஆனால் நடுவில் பொகுட்டு இல்லை. பொகுட்டு தாமரைக்கே உரியது. விதைகள் தனித்தனிக் குழிகளில் அமர்ந்திருக்கும் அந்தக் கூம்பு வடிவம் அல்லியில் கிடையாது. விற்பனைப் படத்தில் பொகுட்டு தெளிவாகத் தெரிந்தது என்றால், அது உண்மையான தாமரையின் படத்துக்கு நீல வண்ணம் பூசியது என்று பொருள். தாமரைப் பேரினமான நெலும்போவில் இரண்டே சிற்றினங்கள் உள்ளன. நெலும்போ நூசிஃபெரா இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் பூக்கும். வட அமெரிக்காவுக்கு உரிய நெலும்போ லூட்டியா மஞ்சளாகப் பூக்கும். இவ்விரண்டையும் கலந்து உருவாக்கிய கலப்பினங்களிலும் நீலம் இல்லை. 'நீலத் தாமரை' என்று விற்கப்படுவது எல்லாம் நிம்ஃபேயா என்னும் அல்லிப் பேரினத்தைச் சேர்ந்தது. இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், நீல அல்லிக்குக் கருங்குவளை என்றும் நீலோற்பலம் என்றும் நம் மொழியில் அருமையான பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் நான் மகிழ்ந்து வாங்கியிருப்பேன்.

புகார் சொன்னபோது, 'இரண்டும் ஒரே குடும்பம்தான் சார், ஊருக்கு ஊர் பேர் மாறும்' என்று விற்பனையாளர் பதில் எழுதினார். இந்த விடையில் அரை உண்மை இருப்பதால் இதைச் சற்று விளக்கியாக வேண்டும். பெந்தம், ஹூக்கர் என்ற இரு தாவரவியலாளர்கள் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டில் தாமரை, அல்லிக் குடும்பமான நிம்ஃபேயேசியில்தான் வைக்கப்பட்டிருந்தது. நீரில் வாழ்வதும், அகன்ற இலையும், பல இதழ்ப் பூவும் பார்வைக்கு ஒத்திருந்ததால் அப்படிச் சேர்த்தார்கள். மரபணு ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு 1998இல் வெளியான, பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி வகைப்பாட்டில் தாமரை நெலும்போனேசி என்ற தனிக் குடும்பமாகப் புரோட்டியேல்ஸ் வரிசையில் நிற்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் பிளேட்டனஸ் முதலான மரங்களே தவிர அல்லி அன்று. அது ஒருபுறம் இருக்க, ஒரே குடும்பம் என்றே வைத்துக்கொண்டாலும், தக்காளியும் ஊமத்தையும்கூட ஒரே குடும்பம்தான். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றைக் கொடுக்க அது எப்படி நியாயம் ஆகும்?

இரண்டாவது செடியில் வந்தது ஏமாற்றத்தோடு நிற்கவில்லை, ஆபத்தாகவும் முடிந்திருக்கலாம். 'பாலைவன ரோஜா, நீலப் பூ, ஒட்டுச்செடி' என்று விற்கப்பட்ட அதனுடன் ஒரு விவர அட்டையும் வந்தது. அதில் 'குடும்பம்: ரோஜா, நச்சற்றது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தார்கள். பாலைவன ரோஜா என்பது அடீனியம் ஒபீசம். ரோஜாவுக்கும் அதற்கும் பேச்சுவழக்குப் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. அது அரளியின் குடும்பமான அப்போசைனேசியைச் சேர்ந்தது. அரளியைப் போலவே இதயத்தைத் தாக்கும் நச்சு அதன் எல்லாப் பாகங்களிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் அதன் சாற்றை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். வீட்டில் எதையும் கடித்துப் பார்க்கும் ஒரு பூனை இருக்கும் நிலையில், அந்த அட்டையை நம்பி நான் தொட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். குடும்பப் பெயர் ஒன்றைச் சரியாக எழுதியிருந்தாலே நான் விழித்துக்கொண்டிருப்பேன். பூ, எதிர்பார்க்கத் தக்கபடி, சாதாரண இளஞ்சிவப்பு. தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பும் இல்லை, அதாவது விதையிலிருந்து வளர்ந்த கன்று. அடீனியத்தில் விதைக்கன்று தாயைப் போலவே பூக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உண்மையான நீல அடீனியமோ எங்கும் கிடையாது.

மூன்றாவது, 'பிங்க் பிரின்சஸ்' என்ற பிலோடென்ட்ரான். வந்த செடியில் மேல் இலைகள் மூன்றும் முழுக்க முழுக்க இளஞ்சிவப்பு. அந்த முழுமைதான் எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். உண்மையான 'பிங்க் பிரின்சஸ்' வகையில் கரும்பச்சை இலைமேல் இளஞ்சிவப்புத் திட்டுகள் ஒழுங்கில்லாமல், இலைக்கு இலை வேறுபட்டு விழும். தண்டிலும் அந்த நிறக் கோடுகள் தெரியும். எனக்கு வந்தது 'பிங்க் காங்கோ' என்று வணிகத்தில் புழங்கும் செடி. வேதிப்பொருளால் தற்காலிகமாக நிறமேற்றப்பட்ட அதன் இலைகள் சில மாதங்களில் பச்சையாகிவிட்டன, புதிய இலைகளும் பச்சையாகவே வருகின்றன.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் விளிம்புள்ள ஸ்நேக் பிளான்ட்டின் இலைத் துண்டுகளை 'அப்படியே மஞ்சள் விளிம்போடு வளரும்' என்று விற்றார். 'லாரென்டீ' வகையின் அந்த விளிம்பு இலைத் துண்டிலிருந்து வளரும் கன்றுக்கு வருவதில்லை. அதை வேரோடு பிரித்துத்தான் பெருக்க வேண்டும். எல்லாக் கன்றும் பச்சை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாறியிருப்பதெல்லாம் மோசடி அன்று. இதே ஸ்நேக் பிளான்ட் நெடுங்காலம் சான்சிவேரியா டிரைஃபேசியேட்டா என்று அறியப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது டிரசீனா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பழைய பெயரை எழுதும் விற்பனையாளர் பழக்கத்தில் எழுதுகிறார், அவ்வளவுதான். பழைய பெயரைத் தேடினாலும் செடி ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். நான் அஞ்சுவது பெயரே எழுதாதவர்களைக் கண்டுதான். லின்னேயஸ் 1753இல் நிலைநிறுத்திய இருசொல் பெயரிடு முறையில் பேரினமும் சிற்றினமும் இருக்கும். பயிரிடுவகை, அதாவது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வகை, என்றால் அதன் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் தொடர வேண்டும் என்று 1953 முதல் தனி விதித்தொகுப்பும் உண்டு. இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு பூவின் படத்தை விட்டுவிட்டு, உங்களுக்கே அனுப்பப்போகும் செடியின் இலை, தண்டு, கிழங்கு ஆகியவற்றின் படத்தைக் கேளுங்கள். பூவுக்கு வண்ணம் பூசுகிறவர்கள் இலையின் பிளவைப் பற்றி யோசிப்பதில்லை. நான் இவற்றில் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 'பெயரெல்லாம் எதற்கு, பூத்தால் போதாதா?' என்ற அவருடைய பிந்தைய பதில் எனக்கு வாங்குவதற்கு முன்பே கிடைத்திருக்கும்.

பலமுறை எழுதிய பிறகு பிலோடென்ட்ரானுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தந்தார். அடீனியம் அட்டையைத் திருத்துவதாகச் சொன்னார். திருத்தியதாக இதுவரை தெரியவில்லை. 'நீலத் தாமரை' அவருடைய விற்பனைப் பக்கத்திலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது 'வானவில் தாமரை' என்று ஒன்று இருக்கிறது. படம் அதே படம்தான். இதழ்களுக்கு ஏழு வண்ணம் பூசியிருக்கிறார்கள், நடுவில் அதே மஞ்சள் பொகுட்டு.