மூடில் வினாத்தேர்வு: கேள்வியையும் திருத்தித் தரும் கருவி

கொள்குறி வினாத் தேர்வை இணையத்தில் நடத்த இன்று செயலிகளுக்குப் பஞ்சமில்லை. விடை திருத்தி மதிப்பெண் போடுவதை எல்லாமே செய்துவிடும். கேட்ட கேள்வி உருப்படியானதுதானா என்று கேட்டால்தான் பல செயலிகள் கைவிரிக்கின்றன. 2002 முதல் இணையவழிக் கற்பித்தலுக்கான கட்டற்ற மென்பொருளாக வந்துகொண்டிருக்கும் மூடிலின் வினாத்தேர்வுப் பகுதியை இந்த ஒரு காரணத்துக்காகவே தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அமைப்புகளைத் தொடாமல் அப்படியே பயன்படுத்தினால் சில இடங்களில் காலை வாரிவிடும்.

தேர்வு முடிந்ததும் திறக்க வேண்டியது புள்ளிவிவர அறிக்கை. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று எளிமைக் குறியீடு, அதாவது அந்தக் கேள்வியில் மாணவர்கள் எடுத்த சராசரி மதிப்பெண், சதவீதத்தில். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 25 சதவீதம் கிடைக்கும் என்பதால், 28 என்று காட்டும் கேள்வி கிட்டத்தட்ட எதையும் அளக்கவில்லை. இந்த ஊக மதிப்பெண்ணுக்கே அறிக்கையில் தனி நெடுவரிசை இருப்பது நல்ல யோசனை.

மற்றொன்று பாகுபடுத்தும் குறியீடு. தேர்வின் மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியிலும் நன்றாகச் செய்தார்களா என்பதன் ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு, அது. 50 சதவீதத்துக்கு மேல் என்றால் மிக நன்று, 30 முதல் 50 வரை போதும், 20-க்குக் கீழே மிகப் பலவீனம். எண் எதிர்மறையாக வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தவறான விடை சரி என்று குறிக்கப்பட்டிருக்கும், அல்லது நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும் தென்படுகிற இரண்டாவது சரியான விடை ஒன்று ஒளிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: 20 பேர் எழுதிய தேர்வில் இந்த எண் தற்செயலாகவே 22 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடும். சிறிய வகுப்பை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

கேள்வியின் பெயரைச் சொடுக்கினால் எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பட்டியல் வரும். கேள்வி எழுதுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ‘மலை உச்சியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிப்பது ஏன்?’ என்ற கேள்விக்கு இப்படி விடைகள் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்: ‘குளிர்’, ‘காற்று’, ‘வெயில்’, ‘அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவாக இருப்பதால், நீராவி அழுத்தம் அதை எளிதில் எட்டிவிடுவது’. பாடம் படிக்காதவரும் நீளமான விடையைத்தான் தொடுவார். மற்ற மூன்றுக்கும் எதிரே பட்டியலில் ஒன்றும் இரண்டுமாகத்தான் எண்கள் இருக்கும். ‘வளிமண்டல அழுத்தம் குறைவு’, ‘காற்றின் ஈரப்பதம் குறைவு’, ‘காற்றின் வெப்பநிலை குறைவு’ என்று ஒரே நீளத்தில், ஒரே அச்சில் மாற்றினால் கேள்வி உயிர்பெறும். நான்காவது விடை இல்லையே என்ற கவலை வேண்டாம். 80 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து ஆய்வாளர் மைக்கேல் ராட்ரிகஸ் 2005-ல் கண்ட முடிவே மூன்று விடைகள் போதும் என்பதுதான். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத பொய் விடை வெறும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு பெரிய குறை. நன்றாக எழுதியவர்கள் எந்தப் பொய் விடைக்கு ஏமாந்தார்கள், பின்தங்கியவர்கள் எதற்கு ஏமாந்தார்கள் என்று மூடில் பிரித்துக் காட்டாது. விடைகளைத் தரவிறக்கி, மதிப்பெண் வரிசையில் மேல் 27 சதவீதத்தையும் கீழ் 27 சதவீதத்தையும் விரிதாளில் நாமேதான் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வளவு செய்யும் கருவி இதை மட்டும் விட்டுவைத்திருப்பது வருத்தம்தான்.

முழுத் தேர்வின் நம்பகத்தன்மைக்கு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அக ஒத்திசைவுக் கெழுவை மூடில் தருகிறது. 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்தி, 64-க்குக் கீழே போனால் தேர்வைச் சரிசெய்தாக வேண்டும். 20 கேள்வித் தேர்வில் 60 வருகிறது என்றால், அதே தரத்தில் 40 கேள்விகளாக்கினால் 75 ஆகும், 60 கேள்விகளாக்கினால் 82-தான் ஆகும். பக்கத்திலேயே திட்டப் பிழையும், அதாவது ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்ற அளவும், இருக்கும். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15, கெழு 75 என்றால் பிழை 7.5. அப்படியானால் 48 எடுத்தவரையும் 52 எடுத்தவரையும் வேறு வேறு தரம் என்று பிரிக்க இந்தத் தேர்வுக்குத் தகுதியில்லை. மாணவர்கள் பல முறை எழுத அனுமதித்திருந்தால், கணக்கை ‘முதல் முயற்சி’க்கு மாற்றிய பிறகே இந்த எண்களை நம்புங்கள்.

இனி காலை வாரும் இடங்கள். பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறான விடைகளுக்குப் பூஜ்யம் என்று விட்டுவைத்தால், எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தவருக்கு முழு மதிப்பெண் போய்விடும். தவறான விடைகளுக்குக் கட்டாயம் எதிர்மறைச் சதவீதம் கொடுக்க வேண்டும். இந்த வகையில் மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஒற்றை விடை வகையில் இறங்கும். அங்கே ஊகத்துக்குக் கழிப்பதானால் நான்கு விடைக்கு −33.33333 சதவீதம், மூன்று விடைக்கு −50 சதவீதம்.

விடைகளைக் கலைத்துப் போட இரண்டு இடங்களில் அனுமதி வேண்டும்: தேர்வின் அமைப்பிலும் கேள்வியின் அமைப்பிலும். ஏதாவது ஒன்றை அணைத்தாலும் கலையாது. ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை இருந்தால் அது கலைந்து முதல் வரிசைக்கே வந்துவிடலாம். அந்த விடையை எழுதாமல் விடுவதே மேல்.

கேள்விகளை எய்க்கன் என்ற எளிய உரைக்கோப்பு வடிவத்தில் மொத்தமாக ஏற்றலாம். கேள்வியும் விடைகளும் தமிழில் இருக்கலாம், ஆனால் விடைகளின் முன்னெழுத்தும் கடைசி வரியில் வரும் ‘ஆன்ஸர்’ என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். ‘அ, ஆ, இ’ என்று போட்டால் ஏற்காது. தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமியுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு விடைக்குறிப்பு தவறு என்று தெரிந்தால், கேள்வியைத் திருத்திவிட்டு மறுமதிப்பீடு கொடுத்தால் எல்லோருக்கும் மதிப்பெண் மாறிவிடும். விடைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. செய்தால் பழைய விடைத்தாள்களை மறுமதிப்பீடு செய்ய முடியாது. மாணவர்கள் எழுதிய பிறகு கேள்வியைத் தேர்விலிருந்து நீக்கவும் முடியாது. கேள்வியே பிழை என்றால் அதன் மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது எல்லா விடைகளுக்கும் 100 சதவீதம் கொடுத்து மறுமதிப்பீடு செய்யுங்கள். சரியாக எழுதியவர் மதிப்பெண்ணை இழக்காதது இரண்டாவது வழியில்தான்.